நாலு வருடம் வயிற்றைக் கட்டினேன்

போன வருடம் மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பரந்தன் சந்தியிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம் உள்ளே போனால் நான் படிப்பிக்கும் முன்பள்ளி வரும். அன்று தவளைப் பாட்டு. தவளைப் பாட்டென்றால் ரீச்சரும் குந்தியிருந்து பாய வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகள் விடாதுகள். மூன்றாவது பாய்ச்சலில் என் சீலை நனைந்துவிட்டது. முன்னால் நின்ற ஒரு சின்னவள், "ரீச்சர் மூத்திரம் பெய்திட்டா!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

தண்ணீர்ப் போத்தல் ஊற்றுப்பட்டது என்று பொய் சொன்னேன். பிள்ளைகள் எல்லாம் சிரித்தன, அதுகளில் என்ன பிழை? நான் பின்பக்கம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்றைக்கே வேலையை விடுவதாகக் கடிதம் எழுதி, கைப்பைக்குள் வைத்தேன். அந்த வேலையை விட்டால் எனக்கு வேறொன்றும் தெரியாது. அதைவிட, எனக்கு அது உயிர்.

இது ஒரே நாளில் வந்த வினை இல்லை. மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு தும்மினால் ஒழுகும், இருமினால் ஒழுகும், தண்ணீர்க் குடம் தூக்கினால் ஒழுகும். பின்னேரமானால் கீழே ஏதோ இறங்கி நிற்பது போலிருக்கும். ஒருமுறை துணிந்து ஒரு டொக்டரிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த கொப்பியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "மூண்டு பிள்ளை பெத்தால் உப்பிடித்தான் அம்மா" என்றார். நான் நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன். இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே ஒன்று போட வேண்டும் போலிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு வயிறு கட்டுவது வழக்கம். பழைய நூல் சீலையைக் கிழித்து, இடுப்பிலிருந்து மேலே சுற்றி இறுக்குவார்கள். துடக்கு என்கிற பிள்ளைப்பேற்றுத் தீட்டுக் கழிந்து கொஞ்ச நாளில் மற்றவர்கள் அவிழ்த்துவிடுவார்கள். நான் அவிழ்க்கவில்லை. கட்டுத் தளர்ந்ததால்தான் ஒழுகுகிறது என்று மாமி, அதாவது என் கணவரின் தாய், தீர்த்துச் சொல்லிவிட்டார். "இறுக்கினால்தான், பிள்ளை, எல்லாம் மேல ஏறும்." ஒவ்வொரு நாள் காலையும் என்னைக் கதவு நிலையைப் பிடிக்க வைத்து, மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லி, இழுத்து முடிச்சுப் போடுவார். இறுக்க இறுக்க இன்னும் ஒழுகியது. ஒழுக ஒழுக நாங்கள் இன்னும் இறுக்கினோம். எங்கள் புத்தியைப் பாருங்கள்!

அந்தக் கிழமையே பிள்ளைகளுக்கு நிறை பார்க்க மிட்வைஃப் வந்தார். அன்று கத்திய அதே சின்னவள் முதல் வேலையாக அவரிடமும் அந்தப் புதினத்தைச் சொன்னாள். மிட்வைஃப் சிரிக்கவில்லை. என்னைக் குசினிப் பக்கம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் விசாரித்தார். கடிதத்தைக் காட்டினேன். "உந்தக் கடிதத்தைப் பிறகு குடுங்கோ. முதல்ல பெரியாஸ்பத்திரிக்கு ஒருக்காப் போட்டு வாங்கோ" என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தந்தார்.

போனேன். அங்கே என்னைப் பார்த்தவர் இயன் மருத்துவர், அதுதான் பிசியோதெரபி செய்பவர். பூவரசங்குளத்துப் பிள்ளை, என்னைவிட இளையவர். வயிற்றுக் கட்டைக் கண்டதும் அவருக்கு முகம் மாறியது.

"எவ்வளவு காலமா உதைக் கட்டுறீங்கள்?"

"நாலு வருசம்."

"ஐயோ அக்கா! பலூனை நடுவில இறுக்கிப் பிடிச்சால் காத்து எங்க போகும்? கீழதானே தள்ளும்!"

அடியில் எல்லாவற்றையும் தாங்குகிற தசை ஒன்று இருக்கிறதாம். பிள்ளைப்பேற்றில் அது தளருமாம், மாதவிடாய் நிற்கிற வயதில் இன்னும் தளருமாம், ஆனால் கை கால் போல அதையும் பழக்கலாமாம். "சலம் வந்தால் அடக்கிறமாதிரி உள்ளுக்க இழுத்து மேல தூக்குங்கோ. மூச்சை மட்டும் அடக்காதேங்கோ." படுத்திருந்து செய்து காட்டினார். காசு இல்லை, மருந்து இல்லை. மூன்று மாதம் விடாமல் செய்தேன், ஒழுகுவது பெரும்பாலும் நின்றுவிட்டது. கடிதத்தைக் கிழித்து அடுப்புக்குள் போட்டேன்.

ஆனால் அந்த முதல் நாள் பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. வீட்டுக்கு வந்ததும் கட்டுச் சீலையை மாமியின் காலடியில் எறிந்தேன். "உங்கடை கைவைத்தியத்தாலதான் நான் பிள்ளையளுக்கு முன்னால நாறினனான்!" என்று கத்தினேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவருக்கு முன்னால் குரல் உயர்த்தாதவள் நான்.

 மாமி மெல்ல எழும்பி, சட்டையைத் தூக்கிக் காட்டினார். அவர் வயிற்றிலும் கட்டு.

"கடைசிப் பெட்டையைப் பெத்ததோட எனக்கு எல்லாம் வெளியில வந்திட்டுது பிள்ளை. முப்பது வருசம். கையால உள்ளுக்குத் தள்ளிப்போட்டுத்தான் நாத்து நட்டனான். இடம்பெயர்ந்து ஓடின சண்டைக்குள்ளயும் அதோடதான் நடந்தனான். உனக்கு அப்பிடி வரக்கூடாதெண்டுதான் இறுக்கினனான்."

நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். எறிந்த கைக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் ஊரில் யாருடைய மாடு யாருடைய வயலுக்குள் போனது என்று விடிவதற்குள் எல்லோருக்கும் தெரியும். ஒரே வீட்டில் பதினாலு வருடம் என்னோடு ஒரே குசினியில் சமைத்த மாமியின் நோவு எனக்குத் தெரியாது!

அவரைக் கூட்டிப்போவதற்கு ஒன்றரை மாதம் சண்டை பிடித்தேன். "இந்த வயசில ஆருக்குக் காட்டுறது?" என்று கடைசிவரை மல்லுக்கட்டினார். பெண் டொக்டர் ஒருவர் பார்த்து, இறங்கிய கருப்பையைத் தாங்க உள்ளே ஒரு வளையம் வைத்துவிட்டார். மாமி வெளியே வந்து, வரிசையில் பெண்கள் இருந்த வாங்கில் தானும் இருந்தார். நோகிறதோ என்று கேட்டேன். இல்லையென்று தலையை ஆட்டினார்.

"இவ்வளவுதானோ பிள்ளை?"

"ஓம் மாமி, இவ்வளவுதான்."

 மாமி திடீரென்று, வரிசையில் இருந்த அத்தனை பெண்களும் திரும்பிப் பார்க்க, "பத்து நிமிச வேலை! அறுவார், பத்து நிமிச வேலைக்கு என்னை முப்பது வருசம் அலைய விட்டிட்டாங்களே!" என்று கத்தினார். எனக்கு அவரை அடக்கத் தோன்றவில்லை.

இப்போது முன்பள்ளியில் தாய்மாரின் கூட்டம் வைத்தால், கடைசிப் பத்து நிமிடம் இதைத்தான் கதைக்கிறேன். சிலர் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். வெட்கங்கெட்டவள் என்று எனக்குப் பட்டமும் வைத்தாயிற்று. வைக்கட்டும். மாமி ஆஸ்பத்திரியில் போட்ட சத்தத்தோடு என் வெட்கம் போய்விட்டது, கோபம் மட்டும் இன்னும் போகவில்லை, அதைப் போகவிடும் எண்ணமும் எனக்கில்லை.