வலது இருக்கைக்கு நூற்று முப்பத்தெட்டு பவுண்டு

வாபாக்கா என்ற சின்ன ஊரில் வெர்னா குபியாக்கைத் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் கரண்டி பிடித்தவள். ஆனால் ஒன்பது குளிர்காலம் அவள் ஒரு விமானத்தின் வாலுக்குள் குப்புறக் கிடந்த கதை பலருக்குத் தெரியாது.

பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய தகடுகளைக் கார் ஷெட்டில் வைத்து விமானமாக்கியவன் அவள் புருஷன் நார்பர்ட் என்றுதான் ஊர் சொல்லும். தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ரிவெட் ஆணியை அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே நின்று அவன் அடிப்பான். உள்ளே இரும்புக் கட்டியை முட்டுக் கொடுத்து அவள் தாங்குவாள். அந்தச் சத்தத்தில் அவளுக்கு இடது காது போயிற்று. "முத ஆளா உன்னைத்தான் ஏத்துவேன். ஏரியைத் தாண்டி உன் தங்கச்சி ஊர்ல கொண்டுபோய் இறக்குறேன்" என்று அவன் சொன்ன ஒரு வார்த்தைக்காகத் தாங்கினாள்.

முடிந்ததும் விமானத்தைத் தராசில் ஏற்றினார்கள். உள்ளூர் விமான மன்றத்து ஆட்கள் பியர் பந்தயம் கட்டி வேடிக்கை பார்த்தார்கள். தோல் மெத்தை, மூன்று பூச்சு வண்ணம், ஓட்டுபவன் முன்னால் பெரிய மின்திரைகள் என்று நார்பர்ட் ஆசை ஆசையாகச் சேர்த்ததெல்லாம் எடையாக நின்றது. டாங்க் நிறையப் பெட்ரோல், அவன் உடம்பு, இரண்டும் போகப் பக்கத்து இருக்கைக்கு மிச்சம் நூற்று முப்பத்தெட்டு பவுண்டு.

"வெர்னா, ஏறி நில்லு."

எல்லார் முன்னாலும் ஏறினாள். நூற்று எழுபது.

"இவளுக்குத் தனியா ஒரு சிறகு வைக்கணும்டா நார்ப்" என்றான் மன்றத்து ஜெரால்டு. முதலில் சிரித்தது நார்பர்ட்தான்.

"பெட்ரோலைக் கொஞ்சம் குறைச்சா?" என்று கேட்டாள் வெர்னா.

"ஏரி நடுவுல இறங்கி நீந்துவியா?"

"அப்ப நீ கொஞ்சம் இளைக்கக் கூடாதா?"

"ஓட்டுறவன் தெம்பா இருக்கணும்."

புது விமானம் பறக்கும் முதல் நாற்பது மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஆளை ஏற்றக் கூடாது என்பது சட்டம். ஆளுக்குப் பதில் மணல்மூட்டை வைத்துப் பறந்து பார்ப்பார்கள். அந்த மூட்டைகளைத் தைத்து, மணல் நிரப்பி, தன் இருக்கையில் தானே கட்டிவிட்டாள் வெர்னா. ஐந்து மாதம் அவித்த முட்டைக்கோஸ். வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்குப் போனால் அவன் தின்பான், இவள் தண்ணீர் குடிப்பாள். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடச் சமையலறையில் மயங்கி விழுந்தாள்.

அக்டோபரில் தராசு நூற்று முப்பத்தேழு காட்டியது. ஷெட்டுக்கு ஓடினாள்.

நார்பர்ட் அவளை மேலும் கீழும் பார்த்தான். உண்மையிலேயே சந்தோஷப்பட்டான். "நீ இளைப்பேன்னு எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்துலதான் தானா ஓட்டுற கருவியும், சூடாகுற சீட்டும் வாங்கி மாட்டிட்டேன். இருபத்திரண்டு பவுண்டு கூடிப்போச்சு. உனக்கு என்ன, கிறிஸ்துமஸுக்குள்ள குறைச்சிட மாட்டியா?"

அடுத்த ஞாயிறு மதியம் தங்கை இர்மா அக்கரையிலிருந்து கூப்பிட்டாள். "உன் புருஷன் வந்து இறங்கியிருக்காரு. பக்கத்து சீட்ல ஜெரால்டோட நாய். நீ ஏன்க்கா வரல?"

வெர்னா நல்ல காதுக்குப் போனை மாற்றினாள். "நாய் ஏரியைப் பாத்துச்சாமா?"

"எங்க? வழியெல்லாம் தூக்கமாம்."