முடியாது சார்

எங்கள் அப்பா முதன்முதலாக 'சார்' என்று அழைத்தது ஓர் உழவு மாட்டை. "கொஞ்சம் நகந்து நில்லுங்க சார்" என்று அவர் அதனிடம் சொன்னதைக் கேட்டு, வைக்கோல் பிடுங்கிக்கொண்டிருந்த அம்மா சிரித்த சிரிப்பில் கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டாள். மாடு பண்ணையாருடையது, அதனால் மரியாதை கொடுத்தால் தப்பில்லை என்றார் அப்பா.

அவர் விளையாடவில்லை. பழகிக்கொண்டிருந்தார்.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே வாய்க்காலை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஊரில் பாதி நிலம் ஒரே ஒரு பண்ணையாருக்கு. அப்பா அவரிடம் ஏர் ஓட்டினார், அம்மா நடவுக்குப் போனாள். நாங்கள் குடியிருந்த குடிசையும் அவர் நிலத்தில்தான் இருந்தது. குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வந்துவிட்டதாக மேடை போட்டுச் சொல்லிவிட்டார்கள். பட்டாதான் வந்தபாடில்லை. ஊருக்கு ஊர் கூலித் தகராறு, மறியல், போலீஸ் வேன். நான் தஞ்சாவூரில் விடுதியில் தங்கி ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் விடுமுறைக்கு வந்தபோது, வீட்டில் பேச்சே இந்தச் சொல்லைப் பற்றித்தான்.

எங்கள் ஆட்கள் பண்ணையாரை 'ஆண்டே' என்று அழைப்பார்கள். இனி யாரும் அப்படி அழைக்கக் கூடாது என்று விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் முடிவெடுத்துவிட்டார்கள். சரி, வேறு எப்படி அழைப்பது என்று யாரும் சொல்லவில்லை. கூட்டம் போட்டவர்கள் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் காலையில் பண்ணையார் முன்னால் போய் நிற்க வேண்டியவர் அப்பா அல்லவா?

விடை தாலுகா ஆபீஸில் கிடைத்தது. மனைப் பட்டா விஷயமாகப் போன அப்பா, அங்கே ஒரு பியூன் அதிகாரியிடம் பேசியதைப் பார்த்துவிட்டு வந்து, கூத்து பார்த்துவிட்டு வந்தவரைப் போல எங்களுக்கு நடித்துக் காட்டினார்.

"கையக் கட்டல பாப்பா. குனியல. 'இன்னிக்கு முடியாது சார்'னான். அவரும் சரிப்பான்னுட்டாரு. முடியாதுன்னு சொன்னதுக்கு யாரும் அவன அடிக்கல!"

அப்பாவை மயக்கியது சார் மட்டுமல்ல. அதற்கு முன்னால் வந்த 'முடியாது'. 'முடியாது ஆண்டே' என்று சொல்லிப் பாருங்கள். வாயில் வராது. 'ஆண்டே' என்ற சொல்லே, கேட்டதற்கெல்லாம் சரி என்று சொல்லிவிட்டுத்தான் வாயை விட்டுக் கிளம்பும்.

தமிழில் 'ஐயா' இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. எங்கள் ஊரில் யார் யாரை ஐயா என்பது என்று நாங்கள் பிறப்பதற்கு முன்பே முடிவு செய்து வைத்திருந்தார்கள். சார் பஸ் ஏறி வந்த சொல். அதற்கு எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியாது. கண்டக்டர் எல்லாரையும் பார்த்து "உள்ள போங்க சார்" என்பார். காலை மிதித்துவிட்டால், "என்னா சார், கண்ணு தெரியலயா?" என்று சண்டையையும் அதிலேயே ஆரம்பிக்கலாம். பிற்காலத்தில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பாடம் எடுத்தபோது, சார் என்பது மேலே இருப்பவரைக் கீழே இருப்பவர் அழைக்கும் சொல் என்று அகராதியில் படித்து எனக்குக் கோபமே வந்தது. எங்கள் டவுன் பஸ்ஸில் ஏறிப் பார்க்காதவர்கள் எழுதிய அர்த்தம் அது.

மாட்டிடம் பழகியபின் அப்பா என்னிடமும் அம்மாவிடமும் சார் போட்டுப் பேசினார். "குழம்புல உப்பு இல்ல சார்" என்று சொல்லி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். நாக்கு நன்றாகப் பழகிவிட்டது. சிக்கல் கையில்தான் இருந்தது.

பண்ணையாரைக் கண்டால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் ஆட்களுக்கு இருந்த வழக்கம். அப்பாவின் கை அவரைக் கேட்டு அதைச் செய்யவில்லை. வீட்டில் என்னைப் பண்ணையாராக நிற்க வைத்து ஒத்திகை பார்த்தோம். வாய் "முடியாது சார்" என்று கம்பீரமாகச் சொல்லும். கை அதற்குள் துண்டை உருவிவிடும். எனக்கு எரிச்சல் வந்தது.

"நான் ஒன் மவப்பா! எனக்கே துண்ட எடுக்கிறியே!"

"நான் எடுக்கல, அது எடுக்குது" என்று தன் கையையே ஏதோ அடங்காத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

துண்டே போடாமல் போ என்றேன். துண்டில்லாத தோள் அம்மணமாக இருக்கிறது என்றார். அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். தாலிக்கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த ஊக்கைக் கழற்றினாள். தாலுகா ஆபீஸுக்குப் போட்டுப் போன ஒரே சட்டையை அவருக்கு மாட்டிவிட்டு, துண்டைச் சட்டைத் தோளோடு சேர்த்துக் குத்திவிட்டாள்.

"இப்ப எடுங்க பாப்பம்" என்றாள்.

வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் பயமும் இருந்தது. கூலி உயர்த்தித் தரும்வரை நடவில்லை என்று எங்கள் ஆட்கள் வேலைக்குப் போகாமல் இருந்தார்கள். நாற்று முற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் பண்ணையார் அப்பாவை மட்டும் தன் வீட்டுக் களத்துக்கு வரச் சொல்லியிருந்தார். தனியாக விடக் கூடாது என்று அம்மாவும் நானும் பின்னாலேயே போய் வேலியோரம் நின்றோம்.

"என்னடா சட்டையெல்லாம்? எங்க கல்யாணம்?" என்றார் பண்ணையார்.

பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

"நாளைக்கு வெளியூர் ஆளுங்க வராங்க. எந்த நாத்து எந்த வயலுக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. நீ கூட நின்னு காட்டிவுடு."

இதுதான் விஷயம். காட்டிவிட்டால் ஒரே பகலில் எல்லாருடைய போராட்டமும் முடிந்துவிடும். மாட்டேன் என்றால் அப்பாவுக்கு ஏர் இல்லை. பட்டா வராத குடிசைக்கும் உத்தரவாதம் இல்லை. அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் அழுத்தியது எனக்கு அப்போது வலிக்கவில்லை.

"முடியாது சார்" என்றார் அப்பா.

சொன்ன மாத்திரத்தில் அவர் கை தோளுக்குப் போனது. துண்டை இழுத்தது. துண்டு வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்ததில் சட்டைக் காலர் காதுவரை வந்துவிட்டுப் போனது. கை கீழே இறங்கியது.

பண்ணையார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார்: "அது என்னடா தோள்ல?"

"துண்டு சார்."

பண்ணையார் எழுந்து உள்ளே போய்விட்டார். வேலியோரம் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

அந்தச் சம்பாவுக்கு அப்பாவை யாரும் ஏருக்குக் கூப்பிடவில்லை. கூலித் தகராறு பேச்சுவார்த்தையில் முடிந்து மற்றவர்கள் எல்லாம் வேலைக்குத் திரும்பியபோதும், அவருக்கு மட்டும் சொல்லி அனுப்பவில்லை. ஒரத்தநாட்டுப் பக்கம் அத்தை வீட்டில் தங்கி அப்பாவும் அம்மாவும் கிடைத்த வேலை செய்தார்கள். குடிசையில் பண்ணையார் கை வைக்கவில்லை. சட்டத்துக்குப் பயந்தாரா, அந்தத் துண்டை யோசித்தாரா, தெரியாது. அடுத்த வருடம் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் பண்ணையின் காரியக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவை வேலைக்கு அழைத்தார்.

அதன்பின் பண்ணையார் அப்பாவை 'டா' போடவில்லை. 'வாங்க' என்று சொல்லவும் அவருக்கு நாக்கு எழவில்லை. "தண்ணி வெச்சாச்சா?" என்பார். "அந்த மடையப் பாக்கணும்" என்பார். யார் வைத்தது, யார் பார்க்க வேண்டும் என்பது வாய்க்காலுக்கே வெளிச்சம். மனிதர் அத்தனை பாடுபட்டுப் பேசுவதைக் கண்டு எனக்கு ஏளனம். அப்பாவுக்கோ ஒரே சந்தோஷம்.

"பாதி வந்துட்டாரு பாப்பா. மீதியும் வருவாரு" என்பார்.

அந்த மீதிக்காக அவர் காத்திருந்தார். ஊருக்கெல்லாம் சார் போட்ட மனிதருக்கு, தனக்கு ஒரு தடவை யாராவது மரியாதையாக ஒரு சொல் போட மாட்டார்களா என்று இருந்தது. வாய் விட்டுக் கேட்கவில்லை, ஆனாலும் எனக்குத் தெரியும். பண்ணையார் அந்த மீதியைச் சொல்லாமலேயே இறந்துபோனார். பிள்ளைகள் நிலத்தை விற்றுவிட்டு வெளிநாடு போனார்கள். துண்டை எடுக்கச் சொல்ல ஆளில்லாமல் போன பிறகும், அப்பா வெளியே கிளம்பும்போதெல்லாம் ஊக்கு குத்திக்கொண்டார்.

எனக்குத் திருவாரூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. ஒருநாள், கொல்லையில் விளைந்த உளுந்தை ஒரு மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு அப்பா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். வகுப்பு வாசலில் வந்து நின்றதுதான் தாமதம், பிள்ளைகள் எல்லாம் எழுந்து, "வணக்கம் சார்!" என்று ராகம் போட்டார்கள்.

அப்பா பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. வழியில் நிற்கிறோமோ என்று கொஞ்சம் ஒதுங்கிக்கூட நின்றார்.

"ஒன்னத்தாம்பா சொல்றாங்க" என்றேன்.

அவர் கை தோளுக்குப் போனது. ஊக்கு பிடித்துக்கொண்டது.

"உக்காருங்க சார். எல்லா சாரும் உக்காருங்க" என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார். பிள்ளைகள் கெக்கலித்துச் சிரித்தார்கள், ஆனால் உட்காரவில்லை. வந்தவர் உட்கார்ந்த பிறகே உட்கார வேண்டும் என்று பழக்கி வைத்திருந்தவள் நான்தான். என் நாற்காலியை இழுத்து அவர் பக்கம் போட்டேன். மற்றவர்கள் நிற்க, தான் மட்டும் நாற்காலியில் உட்காருவது என்பது அப்பா வாழ்க்கையிலேயே செய்யாத காரியம். பையை மார்போடு அணைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"முடியாது பாப்பா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அழுகையும் வந்தது. அத்தனை பிள்ளைகள் முன்னாலும் என் அப்பாவைப் பார்த்துச் சொன்னேன்:

"உக்காருங்க சார்."

அப்பா உட்கார்ந்தார்.