வாடகை நாற்காலியும் அறுத்த மேசையும்

பனியன் கம்பெனியில், செக்கிங் பிரிவில், பதினொரு வருடமாக நிற்கிறேன். வேலை செய்கிறேன் என்று எழுதலாம். என் வலது முழங்கால் ஒத்துக்கொள்ளாது. உட்கார ஒரு நாற்காலி கேட்டேன், அவ்வளவுதான். துணிக்கடையில் விற்கிற பெண்கள் உட்காரச் சட்டம் வந்ததை டிவியில் பார்த்தேன். எங்கள் மேனேஜர் வீட்டில் டிவி இல்லை போலிருக்கிறது.

எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர் சார்பில் ஆடிட் வரும் நாளில் மட்டும் எங்கள் கழிப்பறையில் சோப்பு முளைக்கும். போன முறை நாற்காலியும் முளைத்தது. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் கடையிலிருந்து சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வேனில் வந்து இறங்கின.

"உக்காருங்க, உக்காருங்க. சிரிச்ச மூஞ்சியா இருங்க" என்றார் மேனேஜர்.

உட்கார்ந்தோம். மேசையோ நிற்பவர்களுக்காக அடித்தது. என் தாடை அதன் விளிம்பில் இடித்தது. எனக்கு அடுத்து வேலை செய்யும் மதுரைக்கார அக்கா குள்ளம்; கொண்டை மட்டும்தான் தெரிந்தது.

ஆடிட்டர் அம்மா வந்து பார்த்தார். "எப்பவும் இப்படித்தான் வேலை செய்வீங்களா?"

"ஆமாங்க" என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். சொன்னேன்.

"கஷ்டமா இல்லையா?"

கொண்டை பேசியது: "பழகிருச்சு மேடம்."

மேசைக்கும் நாற்காலிக்கும் உயரம் பொருந்தவில்லை, சரிசெய்து படம் அனுப்புங்கள் என்று அவர் எழுதிவிட்டுப் போனார்.

கம்பெனி சரிசெய்தது. தச்சரைக் கூப்பிட்டு மேசைக் கால்களை ஒரு முழம் அறுத்தார்கள். படம் எடுத்தார்கள். அன்று மாலையே நாற்காலிகள் வேன் ஏறிக் கடைக்குத் திரும்பிவிட்டன.

இனி நிற்பதோடு குனியவும் வேண்டும். ஒவ்வொரு டீசர்ட்டிலும் 'தொழிலாளர் நலன் காத்துத் தயாரித்தது' என்று ஒரு அட்டை தொங்கும். அது நேராகத் தொங்குகிறதா என்று குனிந்து பார்ப்பதுதான் என் வேலை.

மூன்றாம் நாள், சரக்கு அடைத்த ஏற்றுமதிப் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அக்காவும் ஒன்றை இழுத்தார். பிறகு வரிசையே உட்கார்ந்தது.

மேனேஜர் ஓடிவந்தார். "ஏனுங்க, பெட்டி நசுங்குனா பையர் ஒத்துக்கமாட்டானுங்க!"

"எம்பட முழங்கால் நசுங்குனா ஒத்துக்குவானுங்களா?" என்றேன்.

"எந்திரிக்கிறோம் சார். அறுத்த காலை எல்லாம் ஒட்டிக் குடுங்க" என்றார் அக்கா.

அந்தக் கால்களை ஏற்கெனவே டீ அடுப்பில் எரித்துவிட்டிருந்தார்கள்.

மறுநாள் ஸ்டூல்கள் வந்தன. என் முழங்காலுக்கு இரங்கி அல்ல, பெட்டிக்கு இரங்கி. அடுத்த ஆடிட்டில் மேனேஜர் இதைக் காட்டி நல்ல பெயர் வாங்குவார். வாங்கட்டும். என் ஸ்டூலுக்கு அடியில் பெயிண்டில் என் பெயரை எழுதிவிட்டேன். இது வேன் ஏறாது.