தனபாக்கியம் நடித்துக் காட்டிய பையன்

ஹட் பேயில் வீடு வீடாகப் போய்த் தடுப்பூசிக்குக் குழந்தைகளைக் கூட்டிவரும் ஆஷா பணியாளர் தனபாக்கியம். அவளைப் போர்ட் பிளேருக்குக் கப்பலேற்றி, போதையில் சிக்கியவர்களுக்கு எப்படித் துணை நிற்பது என்று கற்றுக்கொடுத்தார்கள். டாக்டர் வந்து தங்காத தீவில் ஆஷாக்களும் அங்கன்வாடி டீச்சர்களும்தானே டாக்டர்!

மெயின்லேண்டிலிருந்து வந்த பயிற்சியாளர் ஹரிஹரன், ஒருவர் ஆலோசகராகவும் ஒருவர் போதை ஊசி போட்டுக்கொள்கிறவராகவும் நடிக்கச் சொன்னார். எல்லோரும் சினிமாக் குடிகாரன் மாதிரி தள்ளாடினார்கள். தனபாக்கியம் தள்ளாடவில்லை. இல்லாத சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள், மூக்கை உறிஞ்சினாள், தொடையைச் சொறிந்தாள். "வயித்து வலிதான், கசம் ஸே. ஊசியெல்லாம் எப்பவோ பந்த்" என்று இந்தி கலந்து சத்தியம் செய்தாள். வகுப்பே கைதட்டியது. அது அவள் மகன் தினேஷ்குமார் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

பிறந்ததிலிருந்து அவளுக்கு யாரும் கைதட்டியதில்லை. பாவம், சொக்கிப்போனாள்.

அதன்பின் எங்கே பயிற்சி என்றாலும் அவளைக் கூப்பிட்டார்கள். வீட்டில் அவள் மகனை உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். எப்படிக் கெஞ்சுகிறான், பொய் பிடிபட்டால் எந்தப் பக்கம் பார்க்கிறான், எல்லாம் அடுத்த வகுப்புக்கு. என் ஆத்திரம் இதில்தான். பெற்றவள் அழ வேண்டிய இடத்தில் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். உதவி கேட்டு வந்தவர் விஷயம் வெளியே போகக் கூடாது என்பதுதான் பயிற்சியில் முதல் பாடம். பெயரைச் சொல்லவில்லையே, அது போதாதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சென்ற மழைக்காலத்தில் தினேஷே வந்து அவளருகில் உட்கார்ந்தான்.

"முடியல மா. எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ. ஆனா என்னைத் தெரிஞ்சவங்க ஒருத்தர்கூட அங்க இருக்கக் கூடாது."

வண்டூரிலிருந்த போதை மீட்பு மையத்தைத் தேர்ந்தெடுத்தாள். அவன் முகம் அங்கே யாருக்கும் தெரியாது என்பது நிஜம். கப்பலில் அவன் அவள் மடியில் தலைவைத்து நடுங்கிக்கொண்டே வந்தான். அவள் வேண்டாத தெய்வம் இல்லை. பயிற்சி வகுப்புகளால் தன்னை அங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் பஸ் ஸ்டாப்பிலேயே நின்றுகொண்டு அவனை மட்டும் அனுப்பினாள்.

உள்ளே ஷோபா இருந்தாள். அங்கன்வாடி டீச்சர், தனபாக்கியம் நடித்த வகுப்பில் பயிற்சி எடுத்து இங்கே ஆலோசனைக்கு உட்கார்ந்தவள். என்ன பிரச்சினை என்று கேட்டாள். தினேஷ் சட்டைக் கையை இழுத்துவிட்டான், மூக்கை உறிஞ்சினான். உண்மையைச் சொல்ல வந்தவனுக்குப் பயத்தில் பழகின பொய்தான் வாயில் வந்தது.

"வயித்து வலிதான் மேடம், கசம் ஸே."

ஷோபாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அரே, எல்லாரும் இங்க வாங்களேன்! தனபாக்கியம் அக்கா செஞ்சு காட்டுன ஆளு அப்படியே வந்திருக்கு!"

"எந்த தனபாக்கியம்?" என்றான் அவன்.

அந்த மடச்சி வகுப்பில் போனில் எடுத்துவைத்திருந்த வீடியோவைப் போட்டுக் காட்டினாள். தினேஷ் கடைசிவரை பார்த்தான். கைதட்டலையும் கேட்டான்.

வெளியே வந்தவன் அம்மாவுக்குக் காத்திராமல் திரும்பும் பஸ்ஸில் ஏறினான். கப்பலில் அவளுக்கு எட்டத் தள்ளி உட்கார்ந்தான். ஹட் பே வந்து வீட்டுக்குள் நுழைந்ததும், அதுவரை கதவைச் சாத்திக்கொண்டு போட்ட ஊசியைக் கூடத்தில் உட்கார்ந்து எடுத்து வைத்தான். தனபாக்கியம் அவன் காலில் விழுந்து கதறினாள். அவளைத் தூக்கி எதிரே நாற்காலியில் உட்காரவைத்தான். முகத்தை மூடியிருந்த கைகளை விலக்கினான்.

"கண்ணைத் தொற மா. இத நீ இன்னும் பாத்ததில்லல்ல? நல்லாப் பாத்துக்க. அடுத்த ட்ரெய்னிங்ல தப்பா செஞ்சிடாத."