நாலு பல்லும் ஒரே லீவில்

பேருந்து நிலையத்தின் டைம் கீப்பர் அறையில், வண்டி எடுப்பதற்கு முன்னால் ஓட்டுநர்கள் வரிசையில் நின்று ஒரு சின்னக் குழாயில் ஊதிக் காட்ட வேண்டும். குடித்திருந்தால் கருவி காட்டிக்கொடுத்துவிடும். அன்று அந்த வரிசையின் கடைசியில் மைக் அக்காவும் நின்றாள்.

மாடியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று மைக்கில் சொல்வது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவள். இப்போது மகள் கல்லூரிக்குப் போகிறாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். காய்கறிக் கடையில் வாயைத் திறந்தால் போதும், "பஸ் ஸ்டாண்டு அம்மாதானே?" என்பார்கள். சலித்துக்கொள்வது போல் முகத்தை வைத்துக்கொள்வாள். உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

அந்தக் குரலைப் பற்றித்தான் இப்போது புகார் வந்திருந்தது. மைக்கில் பேசுகிற பெண் குடித்துவிட்டுக் குழறுகிறாள் என்று ஒரு பயணி மேலிடத்துக்கு எழுதிவிட்டார். விசாரிப்பது, ஆளைக் கூப்பிட்டு என்னம்மா ஆயிற்று என்று கேட்பது இதெல்லாம் மேலிடத்துக்குப் பழக்கமில்லாத காரியம். ஊதச் சொல் என்று உத்தரவு வந்தது.

அவள் வாயில் ஒரு சொட்டு மது பட்டதில்லை. அவளிடம் இல்லாமல் போனவை நாலு ஞானப்பற்கள்.

உண்மையில் வலித்தது ஒன்றுதான். வலது பக்கம், கீழே. தைலம் தடவினாள், உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள், ஒரு கன்னத்தால் மட்டும் மென்று பார்த்தாள். பொறுக்க முடியாமல் டாக்டரிடம் போனபோது அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "மத்த மூணும் என்னைக்காவது தொல்லை குடுக்கும்மா. எடுக்கிறதுன்னா சேர்த்தே எடுத்துடலாம்" என்றார்.

வலிக்காத பல்லை எதற்கு எடுப்பது? இந்தக் கேள்வியை அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. காரணம் மருத்துவம் அல்ல, லீவு. முன்பெல்லாம் மைக்குக்கு இன்னொரு ஆள் இருந்தாள். அவள் ஓய்வு பெற்றதும் அந்த இடத்தையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு லீவு கேட்டால் டைம் கீப்பர் தன் கிட்னியைக் கேட்டது போல் முழிப்பார். பல்லுக்கென்று இந்த ஒரு தடவைதான், இனி வாய்வலி கீய்வலி என்று வந்து நிற்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார். கிடைத்த லீவுக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்பது அந்த நிலையத்தில் எல்லோருக்கும் ஊறிப்போன புத்தி. ஓட்டுநர்கள் ஒரே லீவில் மகள் கல்யாணத்தையும் தங்கள் கண் ஆபரேஷனையும் முடிப்பார்கள். அவள் நாலு பல்லையும் கொடுத்தாள்.

பல் பிடுங்கப் போட்ட ஊசியில் மரத்துப்போன நாக்கும் உதடும் மறுநாளும் மரத்தே கிடந்தன. அடுத்த வாரமும். மாதம் திரும்பியும் இடது பக்கம் விழிக்கவில்லை. டீ உதட்டோரம் வழிவது அவளுக்குத் தெரியாது, சேலை நனைந்தால்தான் தெரியும். கண்ணாடி பார்க்கும்போதுதான் உதட்டைக் கடித்து ரத்தம் வந்திருப்பதே தெரியும்.

டாக்டரிடம் திரும்பப் போனாள். "நரம்பும்மா. ஆயிரத்துல ஒருத்தருக்கு இப்படி ஆகும். அன்னைக்கே சொன்னேனே."

சொன்னார்தான். ஊசி போட்டு, வாயில் பஞ்சைத் திணித்த பிறகு. அவள் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

"திரும்பி வருமா டாக்டர்?"

"வரலாம். வராமலும் போகலாம். ஆறேழு மாசம் பார்ப்போம்."

வீட்டுக்கு வந்த நாத்தனார், "ஞானப்பல்லைப் புடுங்கினா ஞானம் போயிடும்னு சொல்வாங்க அண்ணி. அதோட ஊர்க் கண்ணு வேற" என்று தொடங்கினாள்.

"உனக்கு அது முளைக்கவே இல்லையேம்மா, நீ எப்படிச் சமாளிக்கிறே?" என்றான் கணவன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

மைக் அக்கா சிரித்தாள். சிரிப்பு ஒரு பக்கம்தான் ஏறியது. மகள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அறிவு பல்லில் இல்லை, கண் பட்டு நரம்பு அறுவதும் இல்லை. ஒரு மனுஷிக்கு வேண்டியபோது இரண்டு தடவை லீவு கிடைத்திருந்தால் மூன்று பற்கள் இன்றைக்கும் அவள் வாயில் இருந்திருக்கும். கண்ணேறு கழிக்கிறவர்கள் முதலில் அந்த லீவுச் சட்டத்துக்குக் கழிக்கட்டும்.

வரிசை நகர்ந்தது. அவளுக்கு முன்னால் நின்றவனுக்கு சைலன்சர் என்று பெயர். ஓயாமல் பேசுவதால் வைத்தது. அவன் ஊதிவிட்டு நகராமல் அங்கேயே நின்றான்.

"ஊதுங்கம்மா" என்றார் டைம் கீப்பர். அவளை நேராகப் பார்க்கவில்லை.

குழாயை வாயில் வைத்தாள். உதடு அதைக் கவ்வியிருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. ஊதினாள். காற்று இடது ஓரமாகப் புஸ்ஸென்று போனது. காற்று போதவில்லை என்று கருவி கீச்சிட்டது.

"சரியா ஊதுங்கம்மா."

இரண்டாம் தடவையும் கீச்சென்றது. உதட்டைக் குழாயோடு சேர்த்து விரலால் அழுத்திப் பிடித்தாள்.

"கை வைக்கக் கூடாது."

"ஏன் சார், பிடிச்சா என்ன?" என்றான் சைலன்சர்.

"உங்க ஆளுங்க குழாயை நசுக்கி ஏமாத்துனதாலதான்யா இந்த ரூல். இன்னொரு தடவை காத்து வரலேன்னா ஊத மறுத்ததா எழுதணும். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"அக்கா, வாய் மரத்துக் கிடக்கிற விஷயத்தைச் சொல்லித் தொலையேன்" என்று சைலன்சர் அவள் காதருகே முணுமுணுத்தான்.

சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கு மனப்பாடம். மருத்துவக் குழுவுக்கு அனுப்புவார்கள். பேச்சு சரியில்லை, இந்த வேலைக்குத் தகுதியில்லை என்று அவர்கள் சொன்னால் முடிந்தது. கால் முடமான கண்டக்டரைப் பார்சல் அறைக்கு அனுப்பினார்களே, அவர் அங்கிருந்து திரும்பி வந்தாரா? ஆளில்லாத மைக்கில் மெஷின் பேசும். ஆறு மாதத்தில் நாக்கு விழித்தாலும் நாற்காலி இருக்காது.

குடிகாரர்கள் கதை வேறு. ஊத மறுத்தால் ஒரு மாதம் சஸ்பெண்ட், ஒரு எச்சரிக்கை. பிறகு அதே வண்டி, அதே சீட். சைலன்சரே இரண்டு தடவை போய்விட்டு வந்தவன். குடித்தவனுக்கு மன்னிப்பு உண்டு, நோயாளிக்கு இல்லை. இப்படி ஒரு சட்டத்தை எழுதியவர்களுக்கு ஞானப்பல் எத்தனை இருந்ததோ.

அவள் குழாயை மேசைமேல் வைத்தாள்.

"ஊத மாட்டேன் சார்."

டைம் கீப்பர் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. குடிச்சிருந்தீங்கன்னு ஆயிடும்."

"ஆகட்டும்."

"என்னக்கா நீ..." என்றான் சைலன்சர். மேசையிலிருந்த குழாயை எடுத்துத் திரும்ப அவள் பக்கம் நீட்டினான்.

டைம் கீப்பர் எழுதினார், அவள் கையெழுத்துப் போட்டாள். கூண்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

வெளியே மேடைகளில் கூட்டம் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் சத்தமே இல்லை. பெட்டியும் கையுமாக ஒரு பெண் இவளிடம் ஓடி வந்து, ரயிலடி வண்டி எங்கே நிற்கும் என்று கேட்டாள். மைக் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "கடைசி மேடைம்மா. கிளம்பப் போகுது, ஓடுங்க" என்றாள்.

அந்தப் பெண் இரண்டாம் தடவை கேட்கவில்லை. நேராக ஓடி வண்டியில் ஏறினாள்.

மைக் அக்கா முந்தானையை இறக்கினாள். வீட்டுக்குப் போனால் கணவனிடம் சொல்ல வேண்டும், மகளிடம் சொல்ல வேண்டும். தூணோரம் ஒருவர் எந்த வண்டி என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரை நோக்கி நடந்தாள்.