சீசன் ஆள் பேராச்சி

பேராச்சியைப் பற்றி எழுத எனக்கு முழு உரிமை உண்டு. அவளை ஊரில்லாதவள் ஆக்கப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் தென்காசிப் பக்கம் வாக்காளர் பட்டியல் வேலை பார்த்த குமாஸ்தா நான். வயது இருபத்தாறு. சட்டப் புத்தகத்தை நாலு தரம் படித்திருக்கிறேன் என்கிற திமிர் தலைக்கேறிக் கிடந்தது. அதை இறக்கி வைத்தவள் அவள்தான். ஒப்புக்கொள்ள இத்தனை வருஷம் பிடித்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவளுக்குக் கீழப்பாவூர். புருஷன் சுந்தரபாண்டி கல்யாணமான ஆறாம் வருஷமே காய்ச்சலில் போய்விட்டான். ஒரே மகளை வாசுதேவநல்லூரில் கட்டிக் கொடுத்திருந்தாள். வருஷத்தில் ஒன்பது மாதம் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுவாள். ஆனி பிறந்து, மேற்கே மலை கறுத்துச் சாரல் விழ ஆரம்பித்ததும் கதவைப் பூட்டிவிட்டு, இட்லிக் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு குற்றாலத்துக்குக் கிளம்பிவிடுவாள். அருவிக்குப் போகிற வழியில் குச்சில் என்கிற சின்ன ஓலைக் குடிசை ஒன்று போட்டிருந்தாள். குளித்துவிட்டு வெடவெடவென்று நடுங்கி வருகிறவர்களுக்குச் சுடச்சுட இட்லி, மிளகாய்த் துவையல். உறைக்கிறது என்று யாராவது சொன்னால், "உறைக்கத்தான அரைச்சிருக்கேன்" என்பாள். ஆவணி முடியும்போது ஊர் திரும்பிவிடுவாள்.

இந்த மூன்று மாதம்தான் அவள் வோட்டுக்கு உலை வைத்தது. வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதுகிற வேலையைப் பள்ளிக்கூட வாத்தியார்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ஐம்பத்தாறில் அவர்கள் எழுதப் புறப்பட்டது நல்ல சாரல் நேரம். கீழப்பாவூரில் எழுத வந்தவர் பூட்டைப் பார்த்தார். பக்கத்து வீட்டில் கேட்டார். "குத்தாலத்துல இருக்கா" என்றார்கள். குடியில்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். குற்றாலத்தில் எழுத வந்தவர் அவள் குச்சிலில் உட்கார்ந்து ஆறு இட்லி தின்றார். சீசன் ஆட்களை எழுதக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. கையைக் கழுவிவிட்டு எழுதாமல் போனார். இரண்டு பேரும் விதிப்படிதான் நடந்தார்கள். ஆனால் பேராச்சி இரண்டு ஊருக்கும் இல்லாமல் போனாள்.

அது அவளுக்குத் தெரிந்தது ஐம்பத்தேழு தேர்தலன்றுதான். கீழப்பாவூர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று உள்ளே போனாள். பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வாசலில் நின்ற ஒருத்தி, "ஏட்டி, ஒன் ஓட்டு குத்தாலத்து அருவியில விழுதாம், போயி ஏந்திக்கிடு" என்றாள். வரிசையே சிரித்தது. வாய்க்கு வாய் பதில் வைத்திருக்கும் பேராச்சி அன்று நேரே வீட்டுக்குப் போய்ப் பீடித் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பின்னாளில் என்னிடம் சொன்னாள்: "புருசன் செத்த அன்னைக்குக்கூட எனக்கு ஊருன்னு ஒண்ணு இருந்துச்சு அண்ணாச்சி. அன்னைக்குத்தான் இல்லாமப் போச்சு."

அறுபத்தொன்றில் மறுபடியும் அதே கூத்து. ஆனியில் எழுதி, ஆடிக் கடைசியில் பட்டியலை ஊரில் ஒட்டினார்கள். இந்தத் தடவை அவள் ஏமாறவில்லை. குச்சிலைப் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பஸ் ஏறிக் கீழப்பாவூருக்குப் போய், பெயர் எழுதிய வல்லிநாயகம் வாத்தியாரைக் கையோடு கூட்டிவந்து பட்டியலை வாசிக்கச் சொன்னாள். தெருவில் எல்லாப் பெயரும் இருந்தது, அவள் பெயரைத் தவிர.

"எம்பேரு எங்க சார்?"

"வீடு பூட்டிக் கெடந்துச்சே தாயி."

"திரும்பி வருததுக்குத்தான சார் பூட்டுப் போடுதது? வராதவ எதுக்குப் பூட்டுதா?"

வாத்தியார் நல்ல மனுஷர். அங்கேயே உட்கார்ந்து, பெயர் சேர்க்கச் சொல்லி அவளுக்கு மனு எழுதிக் கொடுத்தார்.

மனுக்களை விசாரிக்க வேண்டியவர் எங்கள் பதிவு அதிகாரி சந்தானகிருஷ்ணன். திருநெல்வேலிக்காரர். சீசன் வந்துவிட்டால் முகாமைக் குற்றாலத்துப் பங்களாவுக்கு மாற்றிவிடுவார். பைல்கள், மனைவி, மாமியார், தைலப் பாட்டில், அடியேன் எல்லாரும் உடன் போவோம். அதனால் ஆவணி முதல் வாரத்தில் விசாரணையும் அந்தப் பங்களா வராந்தாவில்தான் நடந்தது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்தவர்கள் சாரலில் நனைந்தபடி நின்றார்கள்.

பேராச்சி முறை வந்தது. முதல் கேள்விகள் என்னுடையவை.

"வயசு என்ன?"

"நாப்பது இருக்கும். பேரன் எடுத்தாச்சு. இருவத்தொண்ணு ஆகலம்பியளோ?"

"பிறந்த ஊர்?"

"புளியரை."

என் சட்டஞானம் உடனே கொம்பு முளைத்து எழுந்தது. "நீ பிறக்கும்போது புளியரை திருவிதாங்கூர் மகாராஜா சீமை. அவருடைய பிரஜை நீ. இந்தியப் பிரஜை என்பதற்கு என்ன ருசு?"

இதைவிட மடத்தனமான கேள்வியை என் உத்தியோக காலத்தில் நான் கேட்டதில்லை. திருவிதாங்கூரே இந்தியாவில் சேர்ந்து பதினாலு வருஷம் ஆகியிருந்தது. புளியரை எங்கள் ஜில்லாவுக்கு வந்தும் ஐந்து வருஷம்.

"புளியரை அங்கனயேதான் கெடக்கு அண்ணாச்சி" என்றாள் பேராச்சி. "ராசாதான் போயிட்டாரு."

வராந்தாவில் சிரிப்பு எழுந்தது. அதிகாரி என்னை முறைத்துவிட்டு, மனுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பிரஜைங்கிறதெல்லாம் சரிம்மா. ஓட்டு வேணும்னா ஒரு இடத்துல வழக்கமாக் குடியிருக்கணும். எழுத வந்தப்போ உன் வீடு பூட்டிக் கிடந்திருக்கு."

"இங்கன இருந்தேன்யா."

"அப்போ இங்கேயே எழுதச் சொல்லியிருக்கலாமே?"

"சீசன் ஆளுன்னு எழுதமாட்டோம்னுட்டாவ."

"அப்புறம் நான் என்ன பண்ண முடியும்? விதி அப்படி." தள்ளுபடி என்று எழுத அவர் பேனாவை எடுத்தார்.

பேராச்சி அந்தப் பேனாவைப் பார்த்தாள். பிறகு வராந்தாக் கொடியில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்த அதிகாரியின் துண்டைப் பார்த்தாள்.

"ஐயாவுக்கு எந்த ஊரு?"

"திருநெல்வேலி. எதுக்கு?"

"இங்கன வந்து எத்தன நாளாச்சு?"

"அதெல்லாம் உனக்கு..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள், ஜன்னலோரம் தலை உலர்த்திக்கொண்டிருந்த அவருடைய மாமியார் வெகுளியாக, "ரெண்டு மாசம் ஆகப்போறது" என்றார்.

"அங்க வீட்டுல ஆளு இருக்கா ஆச்சி?"

"யாரு இருக்கா? பூட்டிண்டுதான் வந்திருக்கோம்."

பேராச்சி அதிகாரி பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "அப்பம் ஐயா பேரையும் அடிச்சிருக்கணுமே. ஐயாவும் சீசன் ஆளுதான? நீங்க குளிக்க வந்தா அது முகாமு. ஒங்களுக்கு அவிச்சுப்போட வந்தா நான் ஊரில்லாதவளா?"

தென்காசியில் பூட்டிவிட்டு வந்த என் வீட்டுச் சாவியும் அப்போது என் இடுப்பில்தான் இருந்தது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு சட்டப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்து என்னிடம் நீட்டினார். தற்காலிகமாக வெளியூர் போயிருப்பதாலேயே ஒருவர் குடியிருப்பை இழப்பதில்லை என்று அச்சில் தெளிவாக இருந்தது. நான் நாலு தரம் படித்த பக்கம்தான். படித்தபோது பெரிய மனிதர்களுக்காக எழுதியது என்று நினைத்துக் கடந்திருக்கிறேன்.

'சேர்க்கவும்' என்று எழுதி அவர் கையெழுத்துப் போட்டார். பேராச்சி கும்பிடவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. அடுப்பு எரிகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அப்போதும் கொஞ்சம் கோபம்தான். நாம் கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஒரு கும்பிடு போட்டால் என்னவாம் என்று நினைத்தேன்.

அறுபத்திரண்டு பிப்ரவரியில் கீழப்பாவூர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கே வாக்குச்சாவடி வேலை விழுந்தது. பத்து மணி வாக்கில் பேராச்சி உள்ளே வந்தாள். பழைய தப்பைச் சரிக்கட்ட இதுதான் சமயம் என்று எனக்கு உற்சாகம்.

"வாங்க பேராச்சி. இவங்கள எனக்கு நல்லாத் தெரியும். மை வையுங்க" என்றேன் பக்கத்திலிருந்தவரிடம்.

அவள் விரலை மடக்கிக்கொண்டாள்.

"தெரிஞ்சவன்னு போட வேண்டாம் அண்ணாச்சி. அதுல எம்பேரு இருக்கான்னு பாருங்க. இருந்தா வாசிங்க."

பட்டியலைப் புரட்டினேன். அவள் தெருப் பக்கத்தில் பெயர் இல்லை. மறுபடியும் மேலிருந்து விரல் வைத்துத் தேடினேன். பிறகு சேர்த்த பெயர்களுக்காகக் கடைசியில் தைத்திருந்த துணைப் பட்டியலில் இருந்தது.

"அறுநூற்றுப் பதினேழு. பேராச்சி. கணவர் சுந்தரபாண்டி. வயது நாற்பது" என்று வாசித்தேன்.

"வெளிய நிக்கவளுவளுக்குக் கேக்கல" என்றாள் பேராச்சி. "இன்னொரு மட்டம் வாசிங்க."

நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். வாசலுக்கு வெளியே, வரிசையின் கடைசி ஆள்வரைக்கும் கேட்கும்படி, அவள் பெயரை மறுபடியும் வாசித்தேன். அதற்குப் பிறகுதான் அவள் விரலை நீட்டினாள்.