கோயில் மைக்கில் ஜாஸ்

மஸ்கெலியாவிலிருந்து ஹட்டனுக்குப் போகும் பஸ்ஸில்தான் அந்தச் சனியனை முதலில் கேட்டேன். சனியன் என்கிறேனே தவிர, இன்றைக்குக் கேட்டாலும் உடம்பு சிலிர்க்கிறது. என் கூட்டாளி தன் இயர்போனில் ஒன்றை என் காதில் சொருகினாள். இருவருக்கும் ஹட்டனில் ஒரே புடவைக்கடையில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் பஜனையில் அவள் கீபோர்டு வாசிப்பாள், நான் பாடுவேன். காதில் வயலின் நமக்குப் பழகின மோகனத்தில் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு சாக்ஸபோன் குறுக்கே புகுந்து அதை எங்கேயோ இழுத்துக்கொண்டு போனது. போச்சு, இனி ராகத்துக்குத் திரும்ப முடியாது என்று நினைத்தேன். தாளம் தப்பாமல் வந்து சேர்ந்தார்கள் பாவிகள்.

"ஜாஸும் நம்ம சங்கீதமும் கலந்ததுடி. பஜனையில இப்படி ஒன்னு போடுவோமா?" என்றாள்.

"கோயில் கமிட்டி தலைவரு கொன்னுருவாரு."

"நான் இருக்கேன்ல. நான் பேசிக்கிறேன்."

ஒரு மாதம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், கடை மாடியில் துணி மூட்டைகளுக்கு நடுவே பழகினோம். ஆடி வெள்ளியன்று அம்மன் பாட்டின் நடுவில் அவள் அந்த வினோதமான சுரங்களைப் போட்டாள். நான் வார்த்தைகளை விட்டுவிட்டு வெறும் குரலில் அலைந்தேன். ஒன்பது வருஷமாக அங்கே பாடுகிறேன். அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதுவரை வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூப்பிட்டது.

"சாமி பாட்ட ஹோட்டல் பாட்டா ஆக்கிட்டீங்களே, யாரு யோசனை இது?" என்றார் தலைவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நான் வேணாம்னுதான் சொன்னேங்கய்யா. அவதான் கேக்கல."

அடிப்பாவி! மறுத்திருந்தாலும் யார் நம்பியிருப்பார்கள்? கீபோர்டு ஒருவருக்கும் நினைவில்லை. என் குரல்தான் எல்லார் காதிலும் இருந்தது. இனி மைக் பக்கம் வரவேண்டாம் என்றார்கள். அடுத்த வெள்ளி என் இடத்தில் அவளே நின்று பாடினாள்.

அதற்கு முன், கமிட்டி கூடின மறுநாள் திங்கட்கிழமையே, பஸ்ஸில் வழக்கம்போல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"உனக்கென்ன, நல்ல குரல். எங்க போனாலும் பாடலாம். அந்தக் கோயில விட்டா எனக்கு என்னடி இருக்கு?"

விடிந்ததும் கடைக்கு ஓடி, பொழுது சாய்ந்து தோட்டத்து லய வீட்டுக்குத் திரும்பி, அடுப்பைப் பற்றவைக்கிறவள் நான். எங்கே போனாலுமாம். நான் எங்கே போகிறேன்? வெள்ளிக்கிழமை அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன்.